மணிக்கட்டுக்கு ஓர் இரவுத் துணை

இசையைக் கேட்போர் செவியினால் நுகர்கின்றனர். இசையைப் படைப்போரோ கையினால் உழைக்கின்றனர். அந்த உழைப்பு எத்தகையது என்பது கேட்போருக்குத் தெரிவதில்லை. பியானோவை எடுத்துக்கொள்வோம். அதில் 88 கட்டைகள் உள. ஒரு கட்டையை அமிழ்த்துவதற்கு ஏறத்தாழ 50 கிராம் நிறையைத் தாங்கும் விசையே போதும். மிகச் சிறிய விசைதான். ஆயினும் ஒரு மணி நேரப் பயிற்சியில் அச்சிறு விசையைப் பல்லாயிரம் முறை செலுத்த வேண்டியிருக்கின்றது. ஒரு ஸ்தாயியின் கட்டைகள் ஏறத்தாழ 16.5 சென்ரிமீற்றர் அகலத்திற் பரந்து கிடக்கின்றன. பெரிய கையுடையோர்க்கு அது எளிதில் எட்டும் தூரம். சிறிய கையுடையோரோ விரல்களை விரித்து, மணிக்கட்டைப் பக்கவாட்டில் வளைத்து எட்டவேண்டியவராகின்றனர். இவ்வாறு நாள்தோறும் உழைக்கும் கையில் நோவு தோன்றுமாயின் அதில் வியப்பேதுமில்லை.

வியப்புக்குரியது வேறொன்று. நோவு கண்டவர் பெரும்பாலும் அதனை வெளியிற் சொல்வதில்லை. பரீட்சைக்கு அமரவிருக்கும் மாணவி, ஆசிரியர் தன்னைச் சோம்பேறி என எண்ணுவாரோ என அஞ்சுகின்றாள். மேடையேறும் கலைஞர், செய்தி பரவினால் அழைப்புகள் குறையும் என அஞ்சுகின்றார். வீடு வீடாகச் சென்று கற்பிக்கும் ஆசிரியை, மாத வருவாய் நின்றுவிடுமே என அஞ்சுகின்றார். ஆகவே பகலிலே பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்கின்றனர். இரவிலே விழித்தெழுந்து கையை உதறுகின்றனர். இத்தகையோருட் பலருக்கு உதவக்கூடிய எளிய சாதனம் ஒன்று உண்டு. இரவிலே மணிக்கட்டில் அணிந்துகொண்டு உறங்கும் தாங்கியே அது. எலும்பு முறிந்த இடத்தில் மட்டை வைத்துக் கட்டுவதை எல்லோரும் அறிவர். அந்த மட்டையின் இனத்தைச் சேர்ந்ததே இதுவும். ஆங்கிலத்தில் இதனை 'ஸ்பிளின்ற்' என்பர்.

இத்தாங்கியின் இயல்பை நன்கு விளங்கிக்கொள்வதற்கு, பியானோவின் வரலாற்றிலே சிறிது பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஐரோப்பாவெங்கும் பியானோ பரவியது. விரல்களை விரைவிற் பழக்குவதற்கெனப் பலவகைப் பொறிகள் தோன்றின. ஜேர்மனியிலே பிறந்து அயர்லாந்திலே வாழ்ந்த யோகான் பேர்ன்ஹார்ட் லோஜியர் என்பவர், 1814ஆம் ஆண்டிலே 'கைரோபிளாஸ்ற்' என்னும் பொறிக்கு உரிமைச் சான்று பெற்றார். மாணவரின் மணிக்கட்டுகளை இரு சட்டங்களுக்கிடையே நிறுத்தி, விரல்களைத் தனித்தனி வழிகளிற் செலுத்தும் சாதனம் அது. கையை இயல்பாக இயங்கவிடாது, பொறி வகுத்த வழியிலே அதனைச் செலுத்தவேண்டும் என்பதே அக்காலத்தார் பலரது கொள்கையாயிருந்தது.

அக்காலத்திலேதான் றொபேட் ஷூமான் என்னும் இளைஞர் சட்டக் கல்வியைக் கைவிட்டு, 1830ஆம் ஆண்டிலே லீப்சிக் நகரில் பிரீட்றிக் வீக் என்னும் ஆசிரியரிடம் பியானோ பயில வந்தார். சிறுவயதிலேயே பியானோ பழகியிருந்தும், மேடைக் கலைஞருக்குரிய முழுநேரப் பயிற்சியை இருபது வயதிலேதான் தொடங்கியவர் அவர். இழந்த காலத்தை ஈடுசெய்யும் பொருட்டு இடையறாது பயின்றார். விரலுக்கு வலுவூட்டும் பொறியொன்றையும் கையாண்டார். 1832ஆம் ஆண்டளவில் அவரது வலக்கை நடுவிரல் அவர் சொற்படி கேளாதாயிற்று. பொறியினாலே கேடு விளைந்ததா, முன்னரே இருந்த தளர்ச்சியைப் போக்கவே அவர் பொறியை நாடினாரா என்பது ஆராய்ச்சியாளரிடையே இன்றும் தீராத வாதம். அறுத்த விலங்கின் உடற்சூட்டிலே கையை வைத்திருக்கும் சிகிச்சையைக்கூட அவர் செய்து பார்த்தார். பயனில்லை. பியானோ மேதையாகும் கனவு முடிந்தது. அவர் இசையமைப்பாளராகிப் புகழ் பெற்றார் என்பது உண்மையே. ஆயினும் அவர் இயற்றிய பியானோ கொன்சேர்ட்டோ 1845ஆம் ஆண்டிலே திறெஸ்டன் நகரில் முதன்முதலாக அரங்கேறியபோது, கருவியின் முன் அமர்ந்தவர் அவரல்லர். அவர் மனைவியாராகிய கிளாரா அம்மையாரே.

அந்த அம்மையாருக்கும் கை நோவு வராமலில்லை. அவர் ஐரோப்பாவின் தலைசிறந்த பியானோ கலைஞருள் ஒருவர். கணவர் இறந்தபின் பிள்ளைகளைத் தம் கையுழைப்பினாற் காத்தவர். 1874ஆம் ஆண்டின் தொடக்கத்திலே கை நோவு காரணமாகத் தமது இங்கிலாந்துப் பயணத்தை நிறுத்தவேண்டியவரானார். அவ்வாண்டு யூலை மாதம் அவரைப் பார்த்த வைத்தியர், கையை நீவிவிட்டு, நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மட்டுமே பயிற்சி செய்யுமாறு கூறினார். அம்மையார் அந்தச் சொல்லை ஏற்று, ஆண்டின் எஞ்சிய காலம் ஓய்ந்திருந்தார். 1875ஆம் ஆண்டு மார்ச் மாதம் மீண்டும் மேடையேறினார். அதன்பின் 1891ஆம் ஆண்டு வரை பொது அரங்குகளில் வாசித்தார். கணவரின் நோயும் மனைவியின் நோயும் ஒன்றல்ல. ஆகவே இருவரையும் ஒரே தராசில் நிறுத்தல் ஆகாது. எனினும் வருத்தினால் வலுவடையும் எனக் கருதப்பட்ட கை வருத்தத்தினாற் கெடவும் கூடும், ஓய்வினால் மீளவும் கூடும் என்பதை அந்த ஒரு குடும்பத்தின் வரலாறே நினைவூட்டுகின்றது.

இனி மணிக்கட்டின் அமைப்பைக் காண்போம். உள்ளங்கையின் அடியிலே எட்டுச் சிறிய எலும்புகள் தோணியின் அடிபோல் வளைந்து அமைந்திருக்கின்றன. அவற்றின் மேலே குறுக்காக உறுதியான நார்ப்பட்டையொன்று கூரைபோல் மூடியிருக்கின்றது. இரண்டுக்கும் இடையே ஒடுங்கிய சுரங்கம் ஒன்று உண்டாகின்றது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்கள் அச்சுரங்கத்தினூடாகச் செல்கின்றன. அவற்றோடு நெருங்கி நடுநரம்பு என்னும் ஒரு நரம்பும் செல்கின்றது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி ஆகியவற்றுக்கு உணர்ச்சியைத் தருவது இந்த நரம்பே. நாண்களைச் சூழ்ந்த உறை தடித்தாலும், சுரங்கத்திலே நீர் தேங்கினாலும், அங்குள்ள எலும்பும் பட்டையும் விரிந்து கொடுப்பதில்லை. நெருக்கத்தைத் தாங்கவேண்டியது மென்மையான நரம்பேயாகும்.

நரம்பு நெருக்குண்டவர்க்கு விரல்களில் விறைப்பும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் தோன்றும். மணிக்கட்டிலும் முன்கையிலும் நோவு பரவும். சிறுவிரல் மட்டும் பெரும்பாலும் தப்பியிருக்கும். ஏனெனில் அதற்குரிய நரம்பு வேறு வழியாற் செல்கின்றது. பியானோ வாசிப்போர் விரல்களை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டுப் பழகியவர்கள். முதல் மூன்று விரல்களும் விறைத்து, ஐந்தாம் விரல் நலமாக இருக்குமாயின், அது நல்லதோர் அடையாளம். இந்நரம்பு நெருக்குண்ணும் நிலையை இங்கிலாந்து வைத்தியர் ஜேம்ஸ் பஜெற் 1854ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். 1950ஆம் ஆண்டு முதல் அமெரிக்க வைத்தியர் ஜோர்ஜ் பேலன் வெளியிட்ட கட்டுரைகளினால் அது உலகெங்கும் வைத்தியரின் கவனத்துக்கு வந்தது. மணிக்கட்டை உள்நோக்கி மடக்கி ஒரு நிமிடம் வைத்திருக்கச் செய்து, விறைப்பு உண்டாகின்றதா எனப் பார்க்கும் சோதனை இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

பகலெல்லாம் உழைத்த கைக்கு இரவிலே நோவு தணியவேண்டுமன்றோ? அப்படியிருக்க, இரவிலே அது மிகுவது ஏன்? உறங்கும் மனிதர் பலர் தம்மையறியாமலே மணிக்கட்டை மடித்துக்கொள்கின்றனர். சிலர் கையைக் கன்னத்தின் கீழ் வைப்பர். சிலர் தலையணைக்குக் கீழே செருகுவர். மேலும் படுத்த நிலையிலே உடலின் நீர்ப்பொருள் கைகளிலும் சற்றே தேங்குகின்றது. விரல்கள் அசையாமையால் அது விரைவில் வடிவதுமில்லை. மடிந்த மணிக்கட்டில் என்ன நிகழ்கின்றது என்பதை 1981ஆம் ஆண்டிலே அமெரிக்க ஆய்வாளர் அளந்து காட்டினர். நலமுள்ளோரின் மணிக்கட்டு நேராக இருக்கும்போது சுரங்கத்தின் அமுக்கம் சராசரி 2.5 மில்லிமீற்றர் இரசம். அதே மணிக்கட்டை முற்றாக உள்நோக்கி மடக்கினால் அது 31 ஆகின்றது. பின்னோக்கி வளைத்தால் 30 ஆகின்றது. நோயுற்றோரிடத்திலோ மணிக்கட்டு நேராக இருக்கும்போதே 32, மடக்கினால் 94, பின்னோக்கி வளைத்தால் 110. நோயுள்ள ஒருவர் மணிக்கட்டை மடித்தபடி பல மணி நேரம் உறங்குவாரானால், அந்த நரம்பு எத்துணை நெருக்கத்தைச் சுமக்கின்றது என்பதை இவ்வெண்களே உணர்த்தும்.

இரவுத் தாங்கியின் பணி இப்போது தெளிவாகும். அது மருந்தன்று, நோவை மறைக்கும் பொருளுமன்று. உறங்குகையில் மணிக்கட்டு மடியாதபடி நேராக வைத்திருப்பதொன்றே அதன் தொழில். துணியினாற் செய்த உறை. உள்ளங்கைப் பக்கத்திலே உலோகத்தினாலோ பிளாஸ்ரிக்கினாலோ ஆன ஒரு தகடு. கட்டுவதற்கு இரண்டு மூன்று பட்டிகள். அவ்வளவே. லோஜியரின் பொறியும் கையைக் கட்டியது. இத்தாங்கியும் கையைக் கட்டுகின்றது. ஆனால் அது பகலிலே உழைப்பைத் திணிப்பதற்காகக் கட்டியது; இது இரவிலே ஓய்வைக் காப்பதற்காகக் கட்டுகின்றது.

தாங்கி அணிவோர் கவனிக்கவேண்டியவை சில உள. முதலாவது, கோணம். கடைகளிற் கிடைக்கும் தாங்கிகள் பலவற்றிலே தகடு மணிக்கட்டைப் பின்னோக்கி வளைக்கும்படி அமைந்திருக்கும். இந்நோய்க்கு அது பொருந்தாது. தகட்டை வெளியே எடுத்து, ஏறக்குறைய நேராக்கிய பின்பே அணிதல் வேண்டும். இதனை வைத்தியரையோ இயன்மருத்துவரையோ கொண்டு செய்விப்பது நன்று. இரண்டாவது, அளவு. தாங்கி உள்ளங்கையின் நடுவிலுள்ள மடிப்புக் கோட்டோடு முடியவேண்டும். விரல்கள் முற்றாக மடங்கி நிமிரவும், பெருவிரல் சிறுவிரலைத் தொடவும் இடமிருத்தல் வேண்டும். மூன்றாவது, இறுக்கம். பட்டிக்கும் தோலுக்கும் இடையே ஒரு விரல் எளிதில் நுழையவேண்டும். இறுகக் கட்டினால் விரைவிற் குணமாகும் என எண்ணுவது பெருந்தவறு. சுரங்கத்தின் நெருக்கத்தை அது மேலும் கூட்டும். நான்காவது, பொறுமை. இரண்டு இரவுகள் அணிந்துவிட்டுப் பயனில்லை என எறிந்துவிடலாகாது. ஆறு வாரமேனும் இரவு தவறாது அணிந்த பின்பே அதன் பயனை மதிப்பிடல் தகும். வெப்ப நாடுகளிலே வியர்வையினால் தோல் சிவந்து அரிப்பதுண்டு. மெல்லிய பருத்தித் துணியை உள்ளே அணிந்தும், உறையை அடிக்கடி துவைத்து உலர்த்தியும் அதனைத் தவிர்க்கலாம்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. தாங்கியை அணிந்தபடியே பியானோ வாசித்தல் கூடாது. அசையவேண்டிய மணிக்கட்டு அசையாதபோது, அவ்வசைவின் சுமையை விரல்களும் முழங்கையும் தோளும் ஏற்கின்றன. ஓரிடத்து நோவைத் தணிக்கப்போய் மூன்றிடத்திலே நோவைத் தேடிக்கொள்வதாக அது முடியும்.

இத்தாங்கியினால் எல்லோரும் குணமடைகின்றனரா? அளவறிந்து கூறுதலே நேர்மை. நெதர்லாந்தில் 176 நோயாளரைக் கொண்டு நடந்த ஆய்வொன்றின் முடிவு 2002ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்குத் தாங்கி தரப்பட்டது. மற்றப் பகுதியினருக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. மூன்று மாதம் கழிந்தபின் தாங்கி அணிந்தோருள் நூற்றுக்கு 54 பேர் நலமடைந்திருந்தனர். சத்திரசிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 80 பேர். பதினெட்டு மாதம் கழிந்தபின் அவ்வெண்கள் முறையே 75, 90 ஆயின. ஆனால் தாங்கி அணிந்தோருள் நூற்றுக்கு 41 பேர் அதற்கிடையிற் சத்திரசிகிச்சையை நாடியிருந்தனர். இங்கிலாந்திலே 234 பேரைக் கொண்டு நடந்து 2018ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்விலே, ஸ்ரெறொயிட் ஊசியொன்று தாங்கியோடு ஒப்பிடப்பட்டது. ஆறு வாரத்தில் ஊசியே மேம்பட்டு நின்றது. ஆறு மாதத்தில் இரண்டுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. இவ்வாய்வுகள் பியானோ கலைஞரை மட்டும் கொண்டு நடந்தவையல்ல. எல்லாத் தொழிலோரையும் கொண்டு நடந்தவை. எனினும் மணிக்கட்டின் அமைப்பு எல்லோர்க்கும் ஒன்றே. தாங்கி எல்லாரையும் குணப்படுத்தாது; ஆயினும் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு, கத்தியும் ஊசியுமின்றி, சில மாதங்களில் ஆறுதல் தரக்கூடியது. நோய் தொடங்கிய காலத்திலேயே அணிவோர்க்கு அந்த நம்பிக்கை மிகுதி.

மணிக்கட்டில் எழும் எல்லா நோவும் நரம்பு நெருக்கத்தினால் எழுவதில்லை என்பதையும் ஈண்டு வற்புறுத்தல் வேண்டும். பெருவிரலின் அடியிலே, மணிக்கட்டின் ஓரத்தில் நோவு தோன்றி, பெருவிரலை அசைக்குந்தோறும் மிகுமாயின், அது அப்பக்கத்துத் தசைநாண்களின் உறை தடித்ததனால் வந்த நோவாக இருக்கலாம். சுவிற்சர்லாந்துச் சத்திர வைத்தியர் பிரிட்ஸ் டி கேர்வான் 1895ஆம் ஆண்டிலே இதனை விளக்கினார். இதற்குப் பெருவிரலையும் சேர்த்துத் தாங்கும் வேறுவகைத் தாங்கி தேவை. வேறொரு நோயிலே நோவே இராது; ஆயினும் குறித்த விரல்கள் வாசிக்கும்போது மட்டும் தாமாகவே மடங்கும். அமெரிக்கப் பியானோ மேதை லியோன் பிளைஷரின் வலக்கையில் 1964ஆம் ஆண்டளவில் நான்காம் ஐந்தாம் விரல்கள் அவ்வாறு உள்மடங்கத் தொடங்கின. அவர் முன்னிலும் கடுமையாகப் பயின்று அதனை வெல்ல முயன்றார், நிலைமை மோசமாயிற்று. பின்னாளில் மணிக்கட்டுச் சுரங்கத்தைத் திறக்கும் சத்திரசிகிச்சையும் செய்துகொண்டார். அதுவும் முழு விடுதலை தரவில்லை. ஏனெனில் கோளாறு மணிக்கட்டில் மட்டும் இருக்கவில்லை. விரல்களை ஆளும் மூளையின் செயற்பாட்டில் இருந்தது. நெடுங்காலம் இடக்கை இசையையே வாசித்து, உரிய சிகிச்சை கிடைத்த பின்பு 2004ஆம் ஆண்டிலே இரு கைகளாலும் வாசித்த இசைத்தட்டை வெளியிட்டார். நோய் இன்னதெனத் தெளிதல், அதன் காரணத்தை ஆராய்தல், தணிக்கும் வழியைத் தேடல் என்று வள்ளுவர் வகுத்த ஒழுங்கு இங்கேயும் பொருந்துவதாகும்.

ஆகவே வைத்தியரை நாடவேண்டிய அடையாளங்களை அறிந்திருத்தல் வேண்டும். விறைப்பு வந்து வந்து போகாமல் இரவும் பகலும் நிலைத்து நிற்றல்; பெருவிரலின் அடியிலுள்ள சதைத் திரட்சி மெலிதல்; கோப்பை முதலியன கையிலிருந்து நழுவுதல்; விழுந்து அடிபட்டபின் நோவு தோன்றல்; மணிக்கட்டு வீங்கிச் சூடாதல் ஆகியன அவை. இவை தோன்றியபின் தாங்கியை மட்டும் நம்பிக் காலங் கடத்தினால், நரம்பு மீளாத கேடு அடையக்கூடும். நீரிழிவு, தைரொயிட் சுரப்பிக் குறைபாடு, மூட்டுவாதம் ஆகிய நோயுடையோருக்கும், கருவுற்ற தாய்மாருக்கும் இந்நரம்பு நெருக்கம் எளிதில் வரும். ஆதலின் கை நோவுக்காகச் சென்றவரின் உடல் முழுவதையும் வைத்தியர் ஆராய்வது வழக்கம்.

இரவிலே தாங்கி செய்த நன்மையைப் பகல் அழித்துவிடலாகாது. ஆசனம் மிகத் தாழ்ந்திருந்தால் மணிக்கட்டு வளைந்தே இயங்கும். முழங்கை கட்டைகளின் மட்டத்தில் அமையுமாறு ஆசனத்தைச் சரிசெய்தல் வேண்டும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் எழுந்து கைகளைத் தளரவிடுதல் வேண்டும். பரீட்சையோ அரங்கேற்றமோ நெருங்குகையிற் பயிற்சி நேரத்தைத் திடீரென இரட்டிப்பாக்குதல் ஆகாது. கடினமான ஒரு பகுதியை நூறு முறை அடித்துப் பழகுவதினும், இசைக்குறிப்பைக் கையிலெடுத்து மனத்தினால் வாசித்துப் பார்த்தல் பலவேளை நற்பயன் தரும். கை ஓய்ந்திருக்கும்போதும் மனம் பயிலும்.

இலங்கையிலும் இலண்டன் இசைக் கழகங்களின் பரீட்சைகளுக்காகப் பியானோ பயிலும் பிள்ளைகள் உளர். நாளடைவிலே நோவும் பயிற்சியின் ஒரு பகுதியே என அப்பிள்ளைகள் எண்ணிவிடுதல் கூடாது. பெற்றோரும் ஆசிரியரும் "இன்று எத்தனை மணி நேரம் வாசித்தாய்?" என்று கேட்பதோடு, "கை நோகின்றதா?" என்றும் கேட்டல் வேண்டும். அக்கேள்வியை முதலிற் பெரியோர் கேட்டுவிட்டால், பிள்ளை மறைக்கவேண்டிய தேவை இராது. தையற்பொறியில் உழைப்போருக்கும், தட்டெழுதுவோருக்கும், வீணையும் வயலினும் மீட்டுவோருக்கும் இதுவே பொருந்தும். நரம்பு தொழிலைப் பார்த்து நெருக்குண்பதில்லை.

தாங்கி ஒரு சிறு பொருள். அதனை அணிந்து படுப்பவர் தம் கைக்கு ஓய்வு தேவை என்பதை ஒத்துக்கொண்டவர். பயிற்சியினால் உண்டாகும் திறமை பெரியது. அத்திறமையைச் சுமந்து நிற்கும் கையோ வாழ்நாள் முழுவதற்கும் ஒன்றே. உழைப்புக்குப் பகலை வகுத்தவர்கள், ஓய்வுக்கு இரவை முழுமையாக விட்டுக்கொடுப்பாராயின், அந்தக் கை நெடுங்காலம் அவர்கள் சொற்படி கேட்கும்.